‘எஃப்.சி. போட்டாச்சு’ என்றால் அது நல்ல கார் என்று அர்த்தமா? 15 வயது காரை வாங்கும் முன் ஒரு நிமிடம்

“எஃப்.சி. இப்பதான் போட்டேன் சார். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீங்க எதையும் பார்க்க வேண்டாம்.”

பழைய கார் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அலைந்தவர்களுக்கு இந்த வசனம் பழக்கமானதுதான். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. புது காருக்கு இ.எம்.ஐ. கட்ட மனசில்லை. ஸ்விஃப்ட், ஐ10, சான்ட்ரோ, ஆல்டோ என்று பார்த்துக்கொண்டே போனால் பெரும்பாலும் 2010, 2011 மாடல்கள் கண்ணில் படும். அது தற்செயல் இல்லை. 2010-11 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்கள் 25 லட்சத்தை ஒட்டி இருந்தன. அன்றைய கணக்குக்கு அது பெரிய பாய்ச்சல். அந்தக் கார்கள்தான் இப்போது ஒவ்வொன்றாக 15 வயதைத் தொடுகின்றன, ஆர்.சி. புதுப்பித்து கைமாறுகின்றன.

அந்தப் புதுப்பித்த ஆர்.சி.யை வைத்து காரின் உடல்நிலையை நம்பலாமா? சுருக்கமான பதில்: அந்தத் தேதியில் கார் சட்டப்படி ரோட்டில் ஓடலாம் என்று மட்டும் நம்பலாம். அதற்கு மேல் அந்தக் காகிதம் எதையும் சொல்வதில்லை.

15 வருஷத்துக்கு ஒரே ஒரு முறை

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். டாக்ஸி, லாரி போன்ற மஞ்சள் போர்டு வாகனங்களுக்குத்தான் அடிக்கடி தகுதிச் சான்று. 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும். நம் வெள்ளை போர்டு காருக்கு அப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அது முடியும்போது காரைக் கொண்டுபோய்க் காட்டி, சரியாக இருந்தால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். பேச்சுவழக்கில் இதைத்தான் ‘எஃப்.சி. காட்டுவது’ என்கிறோம்.

அதாவது, புகைச் சான்றை விட்டுவிட்டால், ஒரு தனியார் காரை அரசு சார்பில் யாராவது பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது ஷோரூமிலிருந்து வந்த 15 ஆண்டுகள் கழித்துத்தான். பிரிட்டனில் எம்.ஓ.டி. என்ற சோதனை 3 வயதில் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கும். 15 வயதுக்குள் அங்கே ஒரு கார் 12 முறைக்கு மேல் சோதனையைப் பார்த்திருக்கும். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் 3 வயதில் முதல் சோதனை, பிறகு 2 ஆண்டுக்கு ஒரு முறை.

இதற்கிடையே கட்டணம் மட்டும் வேகமாக ஏறியிருக்கிறது. 2022 ஏப்ரலுக்கு முன் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய். அன்றிலிருந்து 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் ஆனது. தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. பழைய வாகனங்களை வைத்திருப்பதைச் செலவாக்கினால் மக்களே ஸ்கிராப்புக்கு அனுப்புவார்கள் என்பது 2021-ல் அறிவித்த வாகன அழிப்புக் கொள்கையின் கணக்கு. அரசு தன் சொந்த வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் கறாராகவே இருக்கிறது. 15 வயது ஆனால் புதுப்பிப்பு கிடையாது.

கட்டணம் எட்டு மடங்கு ஏறியது சரி. சோதனை எட்டு மடங்கு கறாரானதா?

கண்ணால் பார்ப்பதும் மெஷினில் ஏற்றுவதும்

தமிழ்நாட்டின் பல ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் இன்னமும் மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்ப்பதுதான் சோதனை. ஊரில் அவருக்குப் பெயரே ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. சேஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் வேலை செய்கிறதா, டயர் மொட்டையா, பாடியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் அடிக்கச் சொல்வார். வரிசையில் இன்னும் பல வண்டிகள் நிற்கும். ஒரு காருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்.

அனுபவமுள்ள ஆய்வாளர் அந்தச் சில நிமிடத்திலும் நிறைய கண்டுபிடிப்பார் என்பது உண்மை. ஆனால் வலது பக்க பிரேக்கை விட இடது பக்கம் எவ்வளவு குறைவாகப் பிடிக்கிறது என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. புரோக்கர் நடுவில் வரும்போது என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தீபாவளி நெருங்கினால் லஞ்ச ஒழிப்புத் துறை ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் திடீர் சோதனை நடத்துவது நமக்கு வழக்கமான செய்தி.

இதற்கு மாற்றாகத்தான் தானியங்கி சோதனை நிலையங்கள். 2021 செப்டம்பரில் மத்திய அரசு இதற்கான விதிகளை வெளியிட்டது. காரை உருளைகள் மேல் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளப்பார்கள். ஹெட்லைட் எந்த உயரத்தில் அடிக்கிறது, சக்கரம் நேராகப் போகிறதா, சஸ்பென்ஷன் எவ்வளவு தாங்குகிறது, ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா, புகை எவ்வளவு என எல்லாம் எண்களில் வரும். நிலையத்தை நடத்துபவர் ரிப்பேர், வாகன விற்பனை, ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம் செய்யக் கூடாது என்பதும் விதி. ‘ஃபெயில்’ போட்டுவிட்டு ‘எங்க ஷெட்லயே சரி பண்ணிக்கோங்க’ என்று சொல்லும் வழியை அடைக்கத்தான் அது.

கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரலில் இது கட்டாயமாகியிருக்க வேண்டும். 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. நிலையமே இல்லாத ஊர்களில் பழைய முறை தொடர்கிறது. ஆகவே நீங்கள் பார்க்கும் காரின் எஃப்.சி. எப்படிப் போடப்பட்டது என்பது அது எந்த ஊர் கார் என்பதைப் பொறுத்தது. எந்த முறையில் சோதனை நடந்தது என்று ஆர்.சி. கார்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

சரி, மெஷின் வந்தால் பிரச்னை முடிந்ததா? அதுவும் இல்லை. டயரில் காற்று குறைவாக இருந்தால் சஸ்பென்ஷன் அளவு மாறும். ஈர டயரோடு உருளையில் ஏறினால் பிரேக் அளவு குறையும். புகைச் சோதனை இன்னும் சுவாரசியம். கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும். நல்ல காரைக் குளிர்ந்த இன்ஜினோடு கொண்டுபோனால் ஃபெயில் ஆகலாம். சுமாரான காரை அரை மணி நேரம் ஹைவேயில் விரட்டிவிட்டு நேராகக் கொண்டுபோனால் பாஸ் ஆகலாம்.

தில்லுமுல்லும் மெஷினோடு ஒழிந்துவிடுவதில்லை. பிரிட்டனில் காரைக் கொண்டுவராமலேயே பாஸ் சான்று தரும் கராஜ்கள் உண்டு. அதற்குப் பெயரே ‘பேய் எம்.ஓ.டி.’. சோதனை நடக்கும் இடத்தில் காரைப் போட்டோ எடுத்துப் பதிவேற்றும் திட்டத்தை அங்கே சோதித்துப் பார்த்ததே இதற்காகத்தான். நெதர்லாந்தின் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கராஜ்காரர் ‘பாஸ்’ என்று கம்ப்யூட்டரில் பதிந்ததும், 100 கார்களில் சுமார் 3 கார்களை அது தானாகத் தேர்ந்தெடுக்கும். அரசு ஆய்வாளர் வந்து மறுபடி பார்க்கும் வரை அந்தக் காரை வெளியே எடுக்க முடியாது. எந்தக் கார் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது. நம்மூரில் இதைச் செய்யப் புதிய கட்டடமோ மெஷினோ தேவையில்லை. இருக்கிற ஆய்வாளர்களும் ஒரு சாஃப்ட்வேரும் போதும்.

எதில் ஃபெயில் ஆகும்?

15 வயது கார் சோதனையில் மாட்டுவது பெரும்பாலும் பெரிய விஷயங்களில் இல்லை. பிரிட்டனில் கார்களில் 10-ல் சுமார் 3 முதல் முயற்சியில் ஃபெயில் ஆகின்றன. அங்கே வரிசையில் முன்னால் நிற்பவை லைட், சஸ்பென்ஷன், பிரேக், டயர். நம் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே வரிசைதான் வரும். காரணங்களில்தான் நம்ம ஊர் வாசம் இருக்கும்.

ஹெட்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வெயிலில் பத்துப் பதினைந்து வருஷம் நின்ற காரின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகிப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் வரவில்லை என்று ஓனர் வெளிக்கடையில் பளீர் எல்.இ.டி. பல்பு மாட்டியிருப்பார். சாதா பல்புக்காகச் செய்த கண்ணாடிக்குள் அதைப் போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எஃப்.சி.க்கு முந்தின நாள் பழைய பல்பை மாட்டி, மூடிக்கு பாலிஷ் போட்டால் போதும். பாஸ். அடுத்த வாரம் எல்.இ.டி. திரும்ப வந்துவிடும்.

டயர் விஷயம் இதைவிடக் கொஞ்சம் விவகாரமானது. காருக்கு 1.6 மி.மீ. பட்டன் ஆழம் இருக்க வேண்டும் என்பது விதி. வாரம் ஒரு முறை கோயிலுக்கு மட்டும் போன காரில் பட்டன் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்து பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கும். ‘ஒரே டாக்டர் ஓட்டினது, 40 ஆயிரம் கிலோமீட்டர்தான்’ என்று சொல்லும் காரில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் வேறு வண்டியின் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போகும் பழக்கம் கமர்ஷியல் வண்டிகளில் ரொம்ப சாதாரணம். கார்களிலும் கேள்விப்படாதது இல்லை. நான்கு சக்கரத்திலும் நான்கு வெவ்வேறு தேதி இருந்தால் அதில் ஒரு கதை இருக்கிறது.

சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு. ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது ‘கட கட’ என்று சத்தம் வந்தால் இவற்றில் ஒன்று. பிரேக்கில், பின்சக்கர வீல் சிலிண்டர் கசிவு, ஒரு பக்கம் மட்டும் இறுகிப்போன காலிப்பர், நீண்டுபோன ஹேண்ட் பிரேக் கேபிள். கண்ணால் பார்க்கும் சோதனையில் இவற்றில் பாதி தப்பிவிடும். மெஷினில் பெரும்பாலும் மாட்டும். சைலன்சர் ஓட்டை, கிழிந்த வைப்பர் ரப்பர், இழுத்தால் திரும்பிப் போகாத சீட் பெல்ட் எல்லாம் சில்லறை வேலைகள்.

புகை அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. பி.எஸ்.-4 விதி நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில்தான். ஆனால் சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஆகவே ஒரே 2011 மாடல் கார் சென்னையில் பதிவானால் பி.எஸ்.-4 ஆகவும், ஒரு மாவட்டத் தலைநகரில் பதிவானால் பி.எஸ்.-3 ஆகவும் இருக்கலாம். பழைய கார்களுக்கான கெடுபிடி இனி வயதை விட இந்த எண்ணைப் பார்த்து வரும் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. வாங்கும் முன் ஆர்.சி.யில் இதையும் பார்த்துவிடுங்கள்.

பாஸ் ஆன காரில் பார்க்கப்படாதவை

பிரிட்டன் அரசு இந்த விஷயத்தில் நேர்மையாக இருக்கிறது. எம்.ஓ.டி. சான்று என்பது, எதையும் கழற்றாமல் பார்த்தபோது அந்த நேரத்தில் குறைந்தபட்சத் தரம் இருந்தது என்பதற்கு மட்டுமே. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் இதில் வராது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம்மூரில் யாரும் இதைச் சொல்வதில்லை. அதனால்தான் ‘எஃப்.சி. போட்டாச்சு’ விற்பனை வசனமாகிறது.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பொதுவாக 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். மாற்றாத காரை ஆர்.டி.ஓ. மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் டக்கென்று நிற்கும். அதே காரில் நான்கு பேரும் லக்கேஜும் ஏற்றிக்கொண்டு ஊட்டியிலிருந்து இறங்கும்போது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும். பெடல் மெத்தை மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வாகனங்கள் இறங்கக் கட்டுப்பாடு வைத்ததன் பின்னால் இப்படிப் பிரேக் போன விபத்துகள்தான் இருக்கின்றன.

அடுத்து ஏர்பேக். ஏர்பேக் இருக்கிற பழைய காரிலும் ஒரு சிக்கல் உண்டு. டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில், அதை ஊதவைக்கும் வாயுப் பகுதி வெடித்து உலோகச் சில்லுகள் சிதறும் குறை இருந்தது. வெப்பமும் ஈரமும் அதிகமான இடங்களில் வருடம் போகப் போக ஆபத்து கூடும். நம் கடற்கரை ஊர்கள் அப்படிப்பட்டவைதான். 2003 முதல் 2013 வரையிலான சிட்டி, சிவிக், ஜாஸ் போன்ற மாடல்கள் பலவற்றை ஹோண்டா இந்தியாவில் இதற்காகத் திரும்ப அழைத்தது. மூன்று கை மாறிய காரில் அந்த வேலை நடந்ததா என்று எஃப்.சி. சொல்லாது. சேஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் தெரிந்துவிடும். செலவும் கிடையாது. இதைச் செய்யாமல் முன்பணம் கொடுப்பவர்களை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

ஏர்பேக் இல்லாத கார் என்றால்? ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். ஏ.பி.எஸ். எல்லா கார்களுக்கும் வந்தது 2019 ஏப்ரலில். 2011-ன் அடிப்படை மாடல்கள் பலவற்றில் இரண்டுமே இல்லை. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற சில சின்னக் கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்தபோது ஆல்டோ 800, ஐ10, ஸ்விஃப்ட் எல்லாம் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம் வாங்கின. அந்தக் கார் எஃப்.சி.யில் முழு மதிப்பெண் வாங்கினாலும் அந்தப் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே இருக்கும்.

சென்னை கார் என்றால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது எங்கே நின்றது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில்? மூழ்கிய கார்களில் பல இன்ஷூரன்ஸ் தீர்வுக்குப் பின் ஏலம் போய், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துத் திரும்பச் சந்தைக்கு வந்தவை. வயரிங் உள்ளே பச்சை பூத்திருக்கும், ஃப்ளோர் ஷீட் அடியில் துரு தின்றிருக்கும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் கதை முடிந்தது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். பெல்ட்டையும் அந்தப் பள்ளத்தையும் கழுவ மறந்துவிடுவது மனித இயல்பு.

தேதி தாண்டினால்?

எஃப்.சி. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அது வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. பதிவு காலாவதியான கார் சட்டத்தின் பார்வையில் பதிவில்லாத கார். தற்காலிகப் பதிவு முடிந்த கார்கள் தொடர்பான இரண்டு வழக்குகளில், 2014-லும் 2021-லும், செல்லத்தக்க பதிவு இல்லாமல் ஓட்டியது பாலிசியின் அடிப்படை நிபந்தனை மீறல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது. 15 ஆண்டு முடிந்த காருக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அதே வாதத்தை எடுத்தால் நீங்கள்தான் கோர்ட்டு படியேற வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் மாதக் கணக்கில் அபராதம் ஏறும்.

விற்பவர் சொல்லும் தேதியை நம்பாமல், எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பதிவு எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று இருக்கிறதா என்று வந்துவிடும். ஆனால் அந்தக் கார் எதில் ஃபெயில் ஆகி எதைச் சரிசெய்து பாஸ் ஆனது என்று வராது. பிரிட்டனில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் 2005 முதல் ஒவ்வொரு சோதனையிலும் என்ன குறை சொன்னார்கள், அன்றைக்கு மீட்டர் எவ்வளவு காட்டியது என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மீட்டரைத் திருப்பி வைத்தால் அங்கே இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் தானியங்கி நிலையங்களிலும் இதே அளவுகள் கம்ப்யூட்டரில்தான் பதிவாகின்றன. அதை வாங்குபவர் கண்ணில் காட்ட ஒரு பட்டன் போதும். கட்டணத்தை 600-லிருந்து 5,000 ஆக்கியபோதே கேட்டிருக்க வேண்டிய பட்டன் அது.

அதுவரை வேலை உங்கள் தலையில்தான். நல்ல மெக்கானிக் ஒருவருக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து, காரை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி. முடிய ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி, நான்கு டயர், புஷ் செட், பிரேக் வேலை எல்லாவற்றையும் கூட்டி விலையில் கழித்துப் பேசுங்கள். ‘லிஃப்ட்ல எல்லாம் எதுக்கு சார், எஃப்.சி. இருக்கே’ என்று விற்பவர் தயங்கினால், அடுத்த காரைப் பார்க்கப் போய்விடலாம். 2011 மாடலுக்கு இப்போது பஞ்சமே இல்லை.